பனச்சமூட்டில் மைக் நின்ற நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புக்கு ஒரு போலீஸ்காரர் வந்து சத்தத்தை அளந்துவிட்டுப் போனார். பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் பாட்டுச் சத்தம் பொறுக்காமல் யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். கையில் சின்னக் கருவியோடு அவர் மொட்டை மாடியில் நிற்க, அதில் எண்கள் ஏறி இறங்கின. திருவனந்தபுரத்துக்கு வந்து இத்தனை வருடமாகியும், காய்ச்சலைப் போலச் சத்தத்தையும் அளக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. "ஆன்டியும் ஒரு ஒப்பு போடணும்" என்று கையெழுத்துக்காகக் கீழ்வீட்டுப் பெண் புகார்க் காகிதத்தை நீட்டினாள். போட்டேன். சத்தத்தைப் பற்றிப் புகார் எழுதுவதில் எனக்கு முன் அனுபவம் உண்டு என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அந்த முதல் புகார் தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள பனச்சமூட்டில் எழுதியது. அங்கே ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில்தான் எனக்கு முதல் வேலை, டீச்சராக. கல்ஃபுக்குப் போக ஆசைப்பட்டவர்களெல்லாம் டைப் படித்த காலம் அது. மேலே கார்பன் தாள் மணம், கீழே துணிக்கடையின் கஞ்சி மணம். இன்றைக்கும் புதுத்துணியை முகர்ந்தால் என் விரல்கள் தாமாக எழுத்துகளைத் தேடும்.

அந்தத் துணிக்கடையில்தான் அந்தச் சாலைச் சந்திப்புக்கே ஒரே டெலிபோன். கல்ஃபில் இருப்பவர்கள், இன்ன நாள் இன்ன மணிக்குப் போனில் விளிப்பேன் என்று முன்கூட்டியே கடிதம் போடுவார்கள். பெண்கள் குளித்து, இருப்பதில் நல்ல சேலையை உடுத்துக்கொண்டு வந்து காத்திருப்பார்கள். போனில் முகம் தெரியாது என்று அவர்களிடம் யார் சொல்வது? மணி அடிக்கிற நேரம் பார்த்துத் தங்கப்பனின் ஒலிபெருக்கிக் குழாய் அலறும். கோயில் கொடை, மாதா கோயில் பெருநாள், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் தங்கப்பனின் மைக் செட்தான். ஒருநாள் என் அடுத்த வீட்டு ரோஸ்லி அக்கா, கணவர் பேசியதில் ஒரு சொல்கூடக் கேட்காமல் ரிசீவரை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டி மூன்று நகல் அடித்துக்கொண்டு கேரளப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். படித்துப் பார்த்த போலீஸ்காரர், "குழாய் கெட்டினது தமிழ்நாட்டு தெங்கிலல்லா டீச்சரே" என்று திருப்பிக் கொடுத்தார். எல்லை எங்கள் சந்திப்பின் நடுவே போகிறது; குழாய் கட்டிய தென்னை அந்தப் பக்கம். சரி என்று அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனால், "பெட்டியும் ஆளும் கேரளாவிலல்லா இருக்கு" என்றார்கள். இரண்டு அரசாங்கம் இருந்தும் ஒரு குழாயை அடக்க வழியில்லை.

மறுநாள் தங்கப்பனே மாடியேறி வந்தான்.

"எனக்க மேல கேஸு குடுக்கப் போனியளாக்கும். ஒங்க மெஷினுக்கு ஆரு பெர்மிஷன் தந்தா? போன் பேசுறவளுக்க தலைக்கு மேலல்லா கெடந்து அடிக்குது."

வரிசையாகப் போட்ட அத்தனை டைப் மெஷின்களும் கீழே எப்படிக் கேட்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஊரைத் திருத்தக் கிளம்பியவளின் லட்சணம் இது. அவனே வழியும் சொன்னான்: "போன் வந்தா துணிக்கட மொதலாளி ஒரு சிவப்புத் துணிய வெளிய தொங்க விடட்டு. நான் நிறுத்துதேன். நீங்களும் நிறுத்தணும்."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். சிவப்புத் துணி தொங்கினால் மைக் நிற்கும், மெஷின்கள் நிற்கும், மீன்காரிகூடக் குரலைத் தாழ்த்துவாள்.

பிறகு மூன்று மாதமாக ரோஸ்லி அக்காவுக்குக் கடிதமே வரவில்லை. ஊருக்கு வந்த ஒருவன், வேலையிடத்தில் சாரம் சரிந்து அக்காவின் கணவர் யேசுதாசுக்குக் கை போய்விட்டது என்று சொல்லிவிட்டான். யேசுதாஸ் கொத்தனார். கடைசியில் ஒரு கடிதம் வந்தது, சனிக்கிழமை விளிக்கிறேன் என்று. கையெழுத்து வேறு யாருடையதோ. அதைப் பார்த்ததிலிருந்து அக்கா சோறு இறங்காமல் கிடந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பார்த்துச் சந்திப்பில், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்களின் கூட்டம். அக்கா குடியிருந்த பத்து சென்ட் மண்ணும், குடியிருப்பவர்களுக்கே மண்ணைத் தந்த கேரளச் சட்டத்தால் அவளுக்குச் சொந்தமானதுதான். வேறு நாளாயிருந்தால் முன்வரிசையில் இருந்திருப்பாள். போன் வந்தது. முதலாளி துணியைத் தொங்கவிட்டார். மைக் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது: சந்திப்பு முழுக்கக் கட்சியின் சிவப்புக் கொடி. அதற்கு நடுவே எங்கள் துணியைத் தங்கப்பன் எங்கே காண்பான்?

நான் படியிறங்கி, ஆண்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். "தங்கப்பா, ரோஸ்லிக்குப் போன்" என்று சொல்லி முடிக்கும் முன்பே அவன் பொத்தானைத் தட்டி மைக்கை நிறுத்திவிட்டான்.

மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் வெளியூர்க் கட்சித் தலைவர். "எந்தாடோ?" என்று சீறினார், மைக் ஏன் நின்றது என்று புரியாமல்.

"கல்ஃபீந்நு போனாணு, சகாவே. ஒரு மினிட்டு" என்றான் தங்கப்பன்.

அவர் மறுபடி வாய் திறப்பதற்குள் கடைக்குள்ளிருந்து ரோஸ்லி அக்காவின் குரல் வந்தது. கல்ஃப் போனில் கத்தித்தான் பேச வேண்டும். அந்த அமைதியில் அது ஊருக்கே கேட்டது.

"கை உண்டா? ரெண்டு கையும் உண்டா? உள்ளதச் சொல்லும்."

அவ்வளவு பேரும் அசையாமல் நின்றார்கள். எங்களுக்கோ பதில் கேட்காது. தலைவரும் கடை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒடிஞ்சதுதானாம்" என்றாள் அக்கா, முதலாளியிடம். "கெட்டு போட்டிருக்காம். அதனாலயாக்கும் வேற ஆளு எழுதினது. கை உண்டு."

"கை உண்டாம்" என்று முன்னால் நின்ற ஒருவர் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். அது வரிசை வரிசையாகக் கடைசிவரை போயிற்று. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தங்கப்பன் மைக்கைப் போட்டபோது சத்தத்தைக் குறைத்தே வைத்தான். கூட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எந்த அதிகாரியும் சொல்லாமல், பாதிப் பேருக்கு முன்பின் தெரியாத ஒருத்திக்காக அவ்வளவு பேர் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்க்கக் கொடுத்து வைத்தேனே என்று நான் இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

சென்ற வருடம் ஒரு கல்யாணத்துக்காகப் பனச்சமூட்டில் இறங்கினேன். மாடியும் இல்லை, துணிக்கடையும் இல்லை. தங்கப்பன் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. ரோஸ்லி அக்கா இப்போது மஸ்கட்டில் மகனோடு இருக்கிறாள். நான் நிற்கும் இடத்தைச் சொன்னால் சந்தோஷப்படுவாள் என்று அங்கே நின்றே அவளை விளித்தேன். ஒரு மொபைல் கடை வாசலில் ஆள் உயர ஸ்பீக்கர் முழங்கிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

"டீச்சரா? ஒண்ணும் கேக்கல்ல மக்கா" என்றாள் அக்கா.

சுற்றிலும் பார்த்தேன். ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு எல்லோரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு விளிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது.