திருமலையின் விமானத்துக்கு ஒரு மூக்கு

ஒரகடத்தில் லாரி அச்சு செய்யும் கம்பெனியில் திருமலைக்குக் கடைசிச் சோதனை வேலை. நட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்து மஞ்சள் கோடு போடுவான். கோடு போட்டவன் அதைக் கழற்றக் கூடாது, இன்னொருவர்தான் கழற்ற வேண்டும். கம்பெனியில் இது சட்டம். வீட்டிலும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவது பைத்தியக்காரத்தனம் என்பது அவன் மனைவி ஜோதியின் கட்சி.

போன மாதம் தன் பொம்மை விமானத்தின் விசிறியைக் கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பப் போனவன், விரலில் தையலோடு வந்து நின்றான்.

"இன்னொரு வாட்டி கை வச்சன்னா, பிளேன் காயலான் கடைக்குப் போயிடும்," என்றாள் ஜோதி. சொன்னால் செய்கிறவள்.

அதனால் கை வைக்காமலே விசிறியைச் சுழற்றிவிட ஒரு ஸ்டார்ட்டர் வாங்கினான். அந்தச் சின்ன மோட்டாரின் ரப்பர் வாயை அழுத்திப் பிடிக்க, விசிறிக்கு முன்னால் கூம்பாக ஒரு மூக்கு வேண்டும். அதற்கு ஸ்பின்னர் என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை படப்பைக்கு வெளியே, விலைபோகாத மனைகளுக்கு நடுவே ஜோதியோடு பாய் விரித்து, மூக்கை மாட்ட உட்கார்ந்தான். விசிறியை வைத்தான், நட்டை இறுக்கினான், பேனாவை எடுத்துக் கோடும் இழுத்துவிட்டான். விசிறிக்குப் பின்னால் போக வேண்டிய வட்டத் தட்டு பாயிலேயே கிடந்தது. அது இல்லாமல் கூம்பு நிற்காது.

"கழட்டு," என்றாள் ஜோதி.

"நான் கோடு போட்டது. நீதான் கழட்டணும்."

"இன்னாய்யா, உங்க சூப்பர்வைசர் இங்கியா நின்னுக்கினு கீறாரு?"

"பழக்கம் கெட்டுடும் ஜோதி."

வாரமெல்லாம் செல்போன் கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்குகிறவளுக்கு லீவு நாளிலும் அதே வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினாள். தட்டு, விசிறி, நட்டு என்று வரிசையாகப் போட்டு அவளே இறுக்கினாள். அவன் குனிந்து பார்த்துக் கோடு போட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூம்பை வைத்தால், விசிறியின் இறக்கை நுழைய அதில் விட்டிருந்த வெட்டு போதாமல் இடித்தது. அரத்தால் தேய்த்தான். மறுபடி இடித்தது. மறுபடி தேய்த்தான். வெயில் ஏறியது.

"ஒரே ஒரு வாட்டி கையால தட்டிப் பாக்கறேனே," என்று விசிறியைத் தொட்டான்.

ஜோதி விமானத்தைத் தூக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடி வழிமறித்து, கெஞ்சி, வாங்கி வந்து மறுபடி அரத்தை எடுத்தான்.

ஒருவழியாகக் கூம்பு எதிலும் இடிக்காமல் உட்கார்ந்தது. ஸ்க்ரூவை முடுக்கினான். ஜோதி வாலைப் பிடித்துக்கொள்ள, ஸ்டார்ட்டரை வைத்து அழுத்தினான். எஞ்சின் அலறிக்கொண்டு பிடித்தது.

"பிளேன் வூட்லயே இருக்கலாமில்ல?" என்று அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"இருந்து தொலையட்டும். கையை எடு மொதல்ல."