கழுத்துக்குப் போற கை

என் இடது கை மரத்துப் போச்சு. மொதல்ல சுண்டுவெரலு, அப்புறம் கை பூரா. தோசக்கரண்டி கீழ விழுந்த சத்தம் கேட்டாத்தான் அது கையில இல்லீன்னு தெரியும். வேல செய்யாம இருக்க நான் நடிக்கறேன்னு வீட்டுக்காரரு கொஞ்ச நாளு நெனச்சாரு. நானும் நடிப்பாவே இருக்கட்டும்னுதான் சாமியக் கும்புட்டேன்.

அப்ப நாங்க ஹனூர்ப் பக்கமிருந்து மைசூருக்கு வந்து பத்து வருசம் இருக்கும். கழுத்துல நரம்ப என்னமோ அழுத்துதுன்னாரு டாக்டரு. எலும்பு நகந்திருந்தா மாத்தரையும் கழுத்துப்பட்டையும் போதும். கட்டியா இருந்தா கத்தி, அதுவும் சீக்கிரமா. எதுன்னு எம்ஆர்ஐ எடுத்தாத்தான் தெரியும்னுட்டாரு.

அங்க போனா இரும்பு, வெள்ளி, தங்கம் எதுவும் உள்ள வரக்கூடாதாம். மஞ்சக்கயிறக் கட்டிக்கிட்டு தாலியக் கழட்டுனேன். தோடு, மெட்டி எல்லாம் வீட்டுக்காரரு மடியில.

தண்ணித் தொட்டிக்குள்ள படுக்கப்போட்டு வெளிய சுத்தியில அடிச்சா எப்படி இருக்கும், அதுதான் அந்த மெஷினு. பயம் வந்தா என் வலது கை தன்னால தாலியத் தொட்டுப் பாக்கும். முப்பது வருசப் பழக்கம். கை தூக்குனா தோளு ஆடும், தோளு ஆடுனா கழுத்து ஆடும். மொதப் படத்துல எனக்கு மூணு கழுத்து.

படம் எடுக்கற தம்பி வந்து, "அம்மா, அல்லாடபேடி," ஆடாதீங்கன்னு கன்னடத்துல கெஞ்சுச்சு. ரெண்டாவதும் அதே கதி. அப்புறம் அந்தத் தம்பி ஒரு ரோசன சொல்லுச்சு. ஒரே மூச்சா எடுக்காம துண்டு துண்டா, வேகமா எடுக்குமாம். படம் கொஞ்சம் சொரசொரப்பா வரும், ஆனா ஆடுன படத்துக்கு அது மேலு. சத்தம் நின்னா எச்சி முழுங்கிக்கலாம், சத்தம் வந்தா கல்லாட்டம் கெடக்கணும். ரெண்டு துண்டு கெடந்தேன். மூணாவதுல கை கழுத்துக்குப் போயிருச்சு. இன்னும் ஒரு தடவதான், இல்லீன்னா ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னுச்சு. டாக்டரு சொன்ன சீக்கிரம் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

கதவோரம் நின்ன எங்க வீட்டுக்காரரு, நான் உள்ள வரட்டான்னு கேட்டாரு. அவரும் வெள்ளி அரணாக்கொடியக் கழட்ட வேண்டியதாப் போச்சு. ஆம்பளைக்கு அதக் கழட்டறது கடைசி நாளுதான். மடியில இருந்ததோட அதையும் வெளிய வெச்சுட்டு, ஒரு கையில வேட்டியப் புடிச்சுக்கிட்டு வந்தாரு. இன்னொரு கையில என் கால்ல மெட்டி போடற வெரலப் புடிச்சாரு. கல்யாணத்தன்னிக்குத் தொட்டது, அப்புறம் தொட்டதேயில்ல.

"நான் புடிக்கறப்ப ஆடாத புள்ள. விட்டா ஆடிக்க."

"மொதல்ல வேட்டியப் புடிங்க. அது ஆடுனா அதுவும் படத்துல விழுந்துரும்"ன்னேன்.

சத்தம் வர்றப்ப அழுத்துனாரு, நின்னப்ப விட்டாரு. அவரு கை நடுங்குச்சு. அது எப்ப நிக்கும்னு பாத்துக்கிட்டே கெடந்ததுல என் கை கழுத்த மறந்துருச்சு.

படம் ஆடாம வந்துச்சு. தம்பி அத வெளக்குக்கு நேரா வெச்சுப் பாத்துச்சு. நானும் எட்டிப் பாத்தேன். ஒரே ஒரு கழுத்து, அதுக்குள்ள சுண்டக்கா அளவுக்கு வெள்ளையா ஒண்ணு. டாக்டரு சொல்லுவாருன்னுட்டு தம்பி என் மூஞ்சியப் பாக்கல. மூணு கழுத்துப் படமே தேவலன்னு இருந்துச்சு.

அரணாக்கொடியக் கட்டிக்கிட்டிருந்தவரு கேட்டாரு, "நல்லா வந்திருக்குதா?"

"நல்லா வந்திருக்குதுங்க."

மெட்டி போட என் இடது கை ஒதவல. அவரே குனிஞ்சாரு. ஆஸ்பத்திரிச் சனம் பூரா பாத்துச்சு. நான் கால இழுத்துக்கல.