ஒன்று வேண்டும், இரண்டு உள்ளன

குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் பெரிய மாப்பிள்ளை. மூத்த மகளை மணந்ததால் வந்த பெயர், மூத்த மகளே நரைகண்ட பின்னும் நிலைத்துவிட்டது. குடையை மடக்குவதற்கே அரைப்பொழுது எடுத்துக்கொள்பவர் என்று மைத்துனர்கள் கேலி செய்வார்கள். அந்த நிதானத்தில்தான் அவர் ஜாவா என்னும் கணினி மொழியில் நிரல் எழுதினார். மருத்துவமனைகளில் எந்தச் செவிலியருக்கு எந்த வேளைப் பணி என்று பிரித்துக் கொடுக்கும் இணையச் செயலி அது. இரவுப்பணி முடித்தவரை மறுநாள் காலையே வரச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளும் பகுதி முழுக்க முழுக்க அவர் கைவேலை.

செயலியைப் புதிய சர்வருக்கு மாற்றினார்கள். அங்கே அது எழுந்திருக்கவே மறுத்தது. காலையில் டீம் லீடர் மேசையருகே வந்து நின்றார். பெரிய மாப்பிள்ளையைவிட மிக இளையவர்.

"சார், இன்னைக்குள்ள இது ஓடிட்டா, உங்களை இங்கேயே வெச்சுக்கிறது பத்தி மேலிடத்துல பேசலாம்."

ஓடாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. இந்த வயதில் வெளியே வேலை தேடினால் என்ன மரியாதை கிடைக்கும் என்று பெரிய மாப்பிள்ளை போன ஆண்டே தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

இத்தகைய செயலியில் ஒரு பகுதி தனக்கு வேண்டிய இன்னொன்றைத் தேடிப் போவதில்லை. "இன்ன வேலைக்கு ஓர் ஆள் வேண்டும்" என்று எழுதிவைத்துவிட்டுச் சும்மா நிற்கும். செயலி தொடங்கும்போது ஃபிரேம்வொர்க் என்னும் அடித்தள நிரல்தான் அந்த ஆளை, அதாவது அந்த வேலைக்கான பகுதியை, தேடிக் கொண்டுவந்து ஒப்படைக்கும். ஆள் அகப்படாவிட்டால் தொடக்கமே நின்றுபோகும். பணி பிரிக்கும் ஆள் ஒருவர்கூட இல்லை என்றது அன்றைய எரர்.

"இல்லையாமே! கண்ணு முன்னாடி இருக்கு, இல்லைங்குது" என்று திரையை அதட்டினார்.

"அதுக்கும் கண்ணாடி போடணும் போல அண்ணே" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். அவளும் நிரல் எழுதுபவள்தான். வழக்கமாக ஒரு கேலியோடு நிறுத்தமாட்டாள். அன்று அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

எழுத்துப்பிழை பார்த்தார், குறியீடுகள் விடுபட்டனவா என்று பார்த்தார், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகக் கட்டினார். எரர் அசைந்து கொடுக்கவில்லை. மதியத்துக்குப் பிறகே காரணம் பிடிபட்டது. செயலியைத் தொடங்கும் கோப்பை யாரோ உள்ளே ஒரு புதிய ஃபோல்டருக்கு நகர்த்தியிருந்தார்கள். அது இருக்கும் ஃபோல்டரையும் அதற்கு உட்பட்டவற்றையும் மட்டுமே ஃபிரேம்வொர்க் துழாவும். மற்றப் பகுதிகள் கூடவே நகர்ந்திருந்தன. பணி பிரிக்கும் பகுதி மட்டும் வெளியே நின்றுவிட்டது.

மேல் ஃபோல்டரிலிருந்தே தேடும்படி ஒரு வரியைத் திருத்தி ஓட்டினார். எரர் மாறியது. ஒன்று வேண்டும், இரண்டு உள்ளன.

இரண்டா? ஒன்று அவருடையது. மற்றது, அதைப் போலவே வெளியே நின்றுவிட்ட, அவர் ஒருபோதும் திறந்து பாராத ஃபோல்டரில், அதே வேலைக்கென்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் பெயரைப் பார்த்தார். பிறகு பக்கத்து இருக்கையைப் பார்த்தார்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "மேலிடத்துல எழுதச் சொன்னாங்க, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க அண்ணே. ரெண்டு மாசமா தொண்டையில முள்ளு மாதிரி இருக்கு."

அவர் அவள் நிரலைப் படிக்கத் தொடங்கினார். குறை ஒன்று அகப்பட்டால் போதும் என்றுதான் படித்தார். அகப்பட்டது அவருடைய குறை. மாதத்தின் கடைசி இரவு வேலை பார்த்தவருக்கு அடுத்த மாதத்தின் முதல் காலைப் பணியை அவருடைய நிரல் கொடுத்துவிடும். செவிலியர்கள் தொலைபேசியில் புலம்ப, மாதம் தவறாமல் கையால் திருத்திவந்தார். அவள் நிரலில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது.

"இது எப்படிம்மா உன் கண்ணுல பட்டுது?"

"போனை வெச்சுட்டு நீங்களே உங்களைத் திட்டிக்குவீங்களே, அதைக் கேட்டுத்தான்."

இரண்டில் எதை முதன்மையாகக் கொள்வது என்று ஒரே ஒரு குறியிட வேண்டும். தம்முடையதன் மேல் இட்டாலும் செயலி ஓடும். அன்றைக்கு எவரும் கேட்கப்போவதில்லை. குறியைத் தம் நிரலின் தலையில் எழுதினார், அழித்தார். அவளுடையதன் தலையில் எழுதினார். செயலி எழுந்தது.

டீம் லீடர் எட்டிப் பார்த்தார். "சூப்பர் சார்."

"காலையில சொன்ன விஷயம்..."

"நாளைக்குப் பார்ப்போம் சார்" என்றவரின் கண் கைபேசியில் இருந்தது.

மனைவி அழைத்தாள். "என்னங்க, அது எழுந்துச்சா?"

"எழுந்துடுச்சு."

"அப்போ பயமில்லைதானே?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்."

பயன்படாத நிரலை விட்டுவைப்பது அவருக்குப் பிடிக்காத ஒன்று. தம்முடைய பகுதியையும் அந்தக் குறியையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். எங்கோ ஒரு பகுதியாவது தம்மைக் கேட்டு முரண்டு பிடிக்கும் என்று திரையைக் கடைசி வரிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் எரரும் வரவில்லை.