தாழ்ப்பாள் கேட்டவர்

உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "இப்பத் தள்ளுங்க!" என்று கத்துகிறார் குள்ளம்மாள். வெளியே நிற்கும் விழாக் குழுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு, மாமியார் வீட்டுக் கதவைத் தொடுவதுபோல் மெதுவாகத் தள்ளுகிறார்கள். "ஏனுங்க, காலையில யாரும் களி திங்கலீங்களா? பலமாத் தள்ளுங்க!" இந்த முறை தோள் கொடுத்துத் தள்ளுகிறார்கள். கதவு அசையவில்லை. அப்புறம் ஜன்னலையும் சாத்திவிட்டு இருட்டில் சுவரைச் சுற்றிப் பார்க்கிறார். வெளிச்சம் வருகிற வழியில் கண்ணும் வரும் என்பது அவர் கணக்கு. சுவரில் இருந்த ஓட்டையைக் களிமண் வைத்து அடைக்கச் சொல்கிறார். கொல்லைப் பக்கம் போய் மறைவு இருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து வருகிறார். அதற்குப் பிறகுதான் வேன்காரருக்குக் கை காட்டுவார்: "பொட்டிய எறக்குப்பா." அதற்குப் பிறகுதான் அந்த ஊர் டீயையும் வாங்கிக் குடிப்பார்.

பென்னாகரம், ஏரியூர், பாலக்கோடு பக்கத்தில் மாசி பிறந்துவிட்டால் ஏதாவது ஓர் ஊரில் நாடகம் இருந்துகொண்டே இருக்கும். எந்த ஊரானாலும் மத்தியான பஸ்ஸில் முதல் ஆளாகப் போய் இறங்குகிறவர் இவர். நடிகைகள் வேஷம் கட்டப்போகும் அறையைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், அதுதான் வேலை. வட்டார நாடக நடிகர் சங்கத்தில் இவருக்கு இன்று பதவி ஒன்றும் கிடையாது. நாலு வருஷம் செயலாளராக இருந்தார். போன வருஷம் தோற்றுப்போனார்.

பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை. எந்த வாசலிலும் தலையைக் குனிந்துதான் நுழைவார். "எங்கம்மாவுக்கு எனக்கு முன்னால பொறந்தது ஒண்ணும் நெலைக்கல. இதாவது தங்கட்டும்னு கொலசாமி பேர வெச்சுட்டா. சாமி என்ன, அளந்தா பாக்கும்?" என்கிறார். அந்த உயரத்தைப் பார்த்துத்தான் பதினாலு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவருக்கு ராஜபார்ட் கொடுத்தார்கள். முப்பது வருஷம் ராஜாவாகவே நடித்ததில் உட்காருவது, நடப்பது எல்லாம் அப்படியே படிந்துவிட்டன. டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்காருவார். பென்னாகரத்தில் முதலில் முணுமுணுத்தவர்கள், இப்போது அவரைக் கண்டால் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறார்கள். வீட்டுப் பேச்சு கன்னடம். யாராவது நம்பமுடியாததைச் சொன்னால் புருவத்தைத் தூக்கி, அப்படியா என்பதற்கு "ஹௌதா?" என்று ஒரே சொல்லில் கேட்பார். அந்தச் சொல்லுக்கே பலர் தங்கள் பொய்யைத் தாங்களே திருத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

கோபக்காரர். ஒரு தடவை தப்பான ஊரில் இறங்கி, அங்கே கிடைத்த பெரியவர்களை நிறுத்திவைத்து, அறை எங்கே, கதவு எங்கே என்று வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். அந்த ஊரில் அன்று நாடகமே இல்லை. இதை அவரே சொல்லிச் சிரிக்கிறார். "ஆனா பாருங்க, மறு வருசம் அந்த ஊருல நாடகம் வெச்சாங்க. ரூம்பு மொதல்லயே ரெடி."

சின்ன வயதில் அவர் பார்த்ததெல்லாம் மாட்டுக்கொட்டாய்தான். நடிகைகள் அங்கேதான் சேலை மாற்ற வேண்டும். இரண்டு பேர் சேலையை விரித்துப் பிடிக்க, நடுவில் ஒருத்தி கட்டுவாள். உயரமானவர் என்பதால் பிடிக்கிற வேலை எப்போதும் குள்ளம்மாளுக்கு. பிறகு தன் வேஷத்தைச் சீக்கிரம் போட்டுக்கொண்டு, கிரீடத்தோடும் மரக்கத்தியோடும் கொட்டாய் வாசலில் காவலுக்கு நிற்க ஆரம்பித்தார். எட்டிப்பார்க்க வந்த பயல்கள் ராஜாவைப் பார்த்துத் தயங்கித் திரும்பினார்கள். "மீச வெச்சிருந்தேனில்ல, அதுக்குத்தான் பயம். எனக்கில்ல."

சங்கம் அதற்கு முன்பே இருந்தது. ஆர்மோனியம் வாசிக்கும் அப்துல் சுபான் நாலு பேரைச் சேர்த்து ஆரம்பித்தது. சாந்தமானவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். விழாக் குழுக்களோடு சண்டை போட ஒரு தொண்டை வேண்டும் என்று அவர்தான் எண்பத்திரண்டில் குள்ளம்மாளைச் செயலாளர் ஆக்கினார். குள்ளம்மாள் செய்த முதல் வேலை, ஊர்க்காரர்களோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்ததுதான்: பெண்களுக்குக் கதவும் உள்தாழ்ப்பாளும் உள்ள தனி அறை தர வேண்டும். ஆண் நடிகர்கள் சிரித்தார்கள். கூலியை உயர்த்திக் கேட்கச் சொன்னால் தாப்பாள் கேட்கிறது பார் என்றார்கள். சுபான் சிரிக்கவில்லை. சேர்த்துக்கொள்ளட்டும் என்றார்.

இரண்டு வருஷம் கழித்து அந்த வரிக்குச் சோதனை வந்தது. ஏரியூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். பெயர் போட வேண்டாம் என்கிறார் குள்ளம்மாள், இப்போது நல்லவர்களாகிவிட்டார்களாம். திருவிழாவை முன்னின்று நடத்தியவர் மாதையன். பள்ளிக்கூட அறை தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர், சாவி கிடைக்கவில்லை என்று சொல்லி, தென்னந்தட்டி கட்டிய கொட்டாயைக் காட்டினார். ஸ்திரீபார்ட் செல்லிக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது தட்டியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே டார்ச் லைட் அடித்தார்கள். வெளியே ஏழெட்டுப் பேரின் சிரிப்பு.

சத்தம் கேட்டு ஓடிப்போன குள்ளம்மாள், செல்லியைத் தன் ராஜா அங்கியால் போர்த்தி உட்காரவைத்தார். நேரே மேடைக்குப் போனார். கூட்டம் ராஜா வந்துவிட்டார் என்று விசிலடித்தது. "இங்க பொம்பளைக்கு மறைப்பு இல்ல. அதனால நாடகமும் இல்ல" என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினார். கல் பறந்தது. ஒரு கல் சுபானின் ஆர்மோனியத்தை உடைத்தது. குழு மொத்தமும் வேனுக்குள் குனிந்துகொண்டுதான் ஊர் எல்லையைத் தாண்டியது.

செல்லியிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்காதவரை அந்த ஊருக்குச் சங்கத்து ஆள் ஒருவரும் போகக்கூடாது என்று கூட்டத்தில் முடிவானது. சுபானுக்கு இதில் சம்மதமில்லை. "நாலு பொறுக்கிப் பசங்க பண்ணதுக்கு ஊரையே தள்ளி வெக்கிறதாம்மா?" என்றார். "அந்த நாலு பேரையும் ஊரு தள்ளி வெச்சுதா பாய்? நீங்க சொல்லுங்க" என்றார் குள்ளம்மாள்.  சுபானின் மனம் மாறவில்லை.

ஊர்க்காரர்கள் இறங்கி வருவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர்கள் தர்மபுரிக்குப் போய் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துவந்து விடிய விடியப் படம் போட்டார்கள். மலிவு, கல்லெறியும் இல்லை, சண்டையும் இல்லை. "டெக்கு தாப்பாள் கேக்காது" என்று மாதையன் சொன்ன வார்த்தை பஸ்ஸேறி எல்லா ஊருக்கும் போனது. அடுத்தடுத்த ஊர்களும் டெக்கு எடுத்தன. நாடகங்கள் குறைந்தன. நடிகர்கள் தக்காளி மண்டிக்குக் கூடை தூக்கப் போனார்கள். திட்டுவதற்கு ஆள் வேண்டுமல்லவா? செயலாளரைத் திட்டினார்கள்.

போன வருஷத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் சுபானேதான். சங்க அறையில் கை தூக்கி ஓட்டெடுத்தார்கள். சுபானுக்கு ஆதரவாக எழுந்த கைகளில் செல்லியின் கையும் இருந்தது. இதை நான் கேட்டபோது குள்ளம்மாளின் முகம் ஒன்றும் மாறவில்லை. "புள்ளைக்காரி. நாடகம் நடந்தாத்தான் வூட்டுல அடுப்பு எரியும். தூக்கட்டுமே. நான் பாத்துட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவா. அதான் கூரையப் பாத்துக்கிட்டிருந்தேன்." தொடர்ந்து, "அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல. அத எழுதாதீங்க" என்றார். பிறகு, "சரி, எழுதிக்குங்க" என்றார்.

பதவிக்கு வந்த சுபான், ஊர்க்காரர்கள் திரும்பி வரட்டும் என்று அந்த வரியை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டார். அந்த மாசியில் பாலக்கோடு பக்கம் ஒரு நாடகம். கதவில்லாத ஓர் அறையைக் காட்டினார்கள். நடிகைகள் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்கள்; திறக்கவில்லை. முதலில் உட்கார்ந்தவள் செல்லி. சுபான் வந்து, "என்னம்மா இது, யாரு சொல்லி இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டார். "யாரும் சொல்லலீங்க பாய். குள்ளம்மாக்கா வந்து ரூம்பப் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் எந்திரிப்போம்" என்றாள் செல்லி. சுபான் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கரும்பு லாரிகளுக்கு நடுவே மிதித்துப் போனார். பாலக்கோட்டில் தங்கை வீட்டுக்கு வந்திருந்த குள்ளம்மாளைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துவந்தார். வழியில் ஒரு மேடு. "அந்த மேட்டுல மூச்சு வாங்கிச்சு அவருக்கு. எறங்கி நானும் தள்ளினேன்" என்கிறார் குள்ளம்மாள். மறு கூட்டத்திலேயே அந்த வரி திரும்பவும் ஏறியது. செயலாளர் பதவியையும் திருப்பித் தர வந்தார் சுபான். குள்ளம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்க ஊருக்காரங்ககிட்ட இனிப்பாப் பேசுங்க பாய். நான் கதவப் பாத்துக்கறேன்."

சென்ற மாதம் நான் சங்க அறையில் இருந்தபோது மாதையன் வந்தார். பென்னாகரத்தில் சைக்கிள் கடைக்கு மாடியில் இருக்கும் சிறிய அறை அது. கூட இரண்டு பெரியவர்கள். அவர் ஊரில் டெக்கு வைத்த மூன்றாம் வருஷம், எந்தப் படம் போடுவது என்று இரண்டு தெருக்காரர்கள் அடித்துக்கொண்டு போலீஸ் வரை போய்விட்டது. தெரிந்த கதை, தெரிந்த பாட்டு, வருஷா வருஷம் பார்த்த நாடகம்தான் வேண்டும் என்று பெண்கள் சொல்லிவிட்டார்களாம். மாதையன் மனைவியே முன்னால் நின்று சொன்னாராம்.

நாற்காலியில் சுபான் இருந்தார். மாதையன் அவரைப் பார்க்கவில்லை. தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு குள்ளம்மாளின் எதிரில் போய் நின்றார். "அம்மா, அன்னிக்கு நடந்தது தப்புதானுங்க. சாவி என் மடியிலதான் இருந்துது. நீங்க பெரிய மனசு பண்ணி..."

குள்ளம்மாள் அவரை முடிக்க விடவில்லை. எழுந்து, அவர் தோளில் கை வைத்து, அப்படியே அறையின் மூலைப் பக்கம் திருப்பிவிட்டார். அங்கே சுவரோரம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு செல்லி உட்கார்ந்திருந்தாள்.  செல்லி எழுந்திருக்கப் பார்த்தாள். தூங்கும் குழந்தையோடு சட்டென்று முடியவில்லை. குள்ளம்மாள் இரண்டே எட்டில் போய்க் குனிந்து, குழந்தையை வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, வாசலில் தலையைக் குனிந்து வெளியே போய்விட்டார்.