மாவில்லாத பாண்

கீழ்வீட்டு ஜெகதீஸ்வரி முதன்முதலாக என் கதவைத் தட்டியது சீனிக்கோ தேசிக்காய்க்கோ அல்ல.

"குறை நினையாதேங்கோ அக்கா. பாண்காரனை இந்த வாசலுக்குக் கூப்பிடாமல் றோட்டில போய் வாங்குவீங்களோ?"

எனக்கு வந்ததே கோபம்! குடிவந்து ஒரு கிழமை ஆகவில்லை. வெள்ளவத்தையில் இருபது வருடமாக இருக்கிற எனக்குச் சட்டம் சொல்ல வந்துவிட்டாள். "பாண்காரன் உமக்கு என்ன செய்தவன்?" என்று கேட்டேன். அவள் சண்டைக்கு நிற்கவில்லை. "என்ரை பிள்ளை பாண் சாப்பிடக்கூடாது அக்கா. அந்த மணம் வந்தால் அழுவாள்" என்றபோது அவள் கண் கலங்கிவிட்டது. என் வாய் தானாக மூடிக்கொண்டது. அது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

பிள்ளையின் பெயர் ஆரபி. ஏழு வயது, துருதுருவென்று இருப்பாள். ஆனால் வலிப்பு. நாளுக்குப் பலமுறை வரும். நின்ற நிலையில் விழுவாள், நெற்றியிலும் நாடியிலும் தழும்புகள். எந்தக் குளிசைக்கும் அது அடங்கவில்லை. தகப்பன் வரதராசா கட்டாரில் வேலை. ஜெகா மட்டும் பிள்ளையோடு வன்னியிலிருந்து வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்திருந்தாள். அவளுடைய ஒரே அண்ணன் நாகேந்திரம் குடும்பத்தோடு கிளிநொச்சியில் தங்கிவிட்டார்.

கடைசியாகப் பார்த்த டொக்டர் சாப்பாட்டாலேயே வைத்தியம் செய்வோம் என்றாராம். சோறு, பாண், மா, சீனி எதுவும் கூடாது. முட்டை, மீன், நெய், தேங்காய்ப்பால் என்று கொழுப்பாகவே கொடுக்க வேண்டும். உடம்பு கொழுப்பை எரித்து ஓடினால் வலிப்பு அடங்குமாம். கேட்டதும் சிரித்துவிட்டேன். ஊருக்கெல்லாம் எண்ணெயைக் குறை என்கிறார்கள், இந்தப் பிள்ளைக்கு நெய்யைக் குடி என்கிறார்களே! ஆனால் ஒரு மாதத்தில் வலிப்பு பாதியாகியது. அடுத்த மாதம் ஒன்றுகூட வரவில்லை. எனக்குச் சிரிப்பு நின்றது. "ஒரு பிடி சோறு போதும், எல்லாம் திரும்பி வர" என்று டொக்டர் எச்சரித்திருந்தார். ஜெகா அந்த ஒரு பிடிக்குப் பயந்தே சீவித்தாள்.

பிறந்ததிலிருந்து மச்சம் தொடாத சைவக்காரி, பிள்ளைக்காக மீன் வெட்டப் பழகினாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் வெட்டுவாள். பிள்ளை ஆசைப்படும் என்று வீட்டில் சோறு சமைப்பதையே விட்டுவிட்டாள். தானும் கீரையும் மரக்கறியும் சொதியும்தான். "நீர் ஏன் பட்டினி கிடக்கிறீர்? மேல வந்து சாப்பிடும்" என்று எத்தனையோ தரம் ஏசினேன். "அவளுக்கு மணந்திடும் அக்கா" என்பாள். பிடிவாதக்காரி.

சோற்றைப் பிள்ளை மெல்ல மறந்தாள். பாணை மறக்கவில்லை. பின்னேரம் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால் போதும், காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் படுப்பாள். ஜெகா தன்னால் இயன்றதெல்லாம் செய்து பார்த்தாள். முட்டையை அடித்துச் சுட்டாள். பிள்ளை மணந்துபார்த்து, "இது ஒம்லட்" என்றது. பூக்கோவா, அதுதான் கோலிஃபிளவர், அதை அவித்துப் பிழிந்து தட்டினாள், சட்டியிலேயே ஒட்டிக்கொண்டது. பால் பிழிந்த தேங்காய்ப்பூவைக் காயவைத்து அரைத்து என் அவணில் வேகவைத்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போன கதைதான். தொட்டதும் கடற்கரை மணல் மாதிரி உதிர்ந்தது.

"ருசி பரவாயில்லை அம்மா," என்றாள் ஆரபி. "ஆனால் பிய்க்கேலாது. பிய்ச்சுக் குழம்பில தோய்ச்சால்தானே பாண்?"

பிள்ளை சொன்னது சரி. பாண் என்றால் இழுபட வேண்டும்.

அதற்கு வழி கிடைத்தது என்னுடைய மலச்சிக்கலால். அறுபதை நெருங்குகிறவளுக்கு இதைச் சொல்ல என்ன வெட்கம்? பார்மசியில் வாங்கிய இசப்கோல் உமியை ஒருநாள் தண்ணீரில் கலக்கினேன். அந்த நேரம் பார்த்து கனடாவிலிருந்து தங்கை கோல் எடுத்தாள். அவள் கதைத்து முடிப்பதற்குள் கிளாஸில் இருந்தது களியாக இறுகி, கரண்டி அதில் நட்டமாய் நின்றது. அந்தக் கிளாஸோடேயே படி இறங்கி ஓடினேன்.

"ஜெகா! இதைப் போட்டுக் குழையும். இது ஒட்டும்!"

"ஐயோ அக்கா, பிள்ளைக்கு வயித்தால போகும்!"

"போகட்டும்! நெய்யாய்த் தின்கிற பிள்ளைக்கு அதுவும் நல்லதுதான்."

டொக்டரிடம் போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். தேங்காய் மா, இசப்கோல், முட்டை வெள்ளை, உப்பு, கொஞ்சம் பேக்கிங் பவுடர். மூன்றாம் தரம் சரிவந்தது. மண்ணிறமாய், மேலே வெடித்து, உள்ளே மெத்தென்று இருந்தது. ஆரபி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். "அம்மா, பிய்யுது! பிய்யுது!" மீன்குழம்பில் தோய்த்து, கை வழிய வழியத் தின்றாள். நானும் ஜெகாவும் குசினிக்குள் நின்று பைத்தியக்காரிகள் மாதிரி அழுதோம்.

ஜெகா சந்தோசமாக இருந்து நான் கண்டது அன்றைக்குத்தான். வன்னியில் சண்டை இறுகி, மாசிக்குப் பிறகு அண்ணனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. சனமெல்லாம் கடற்கரையோரம் ஒதுங்கிவிட்டது என்றார்கள். இரவும் பகலும் றேடியோவோடு கிடந்தாள். ஆனால் பிள்ளையின் பாண் ஒருநாளும் தவறவில்லை.

வைகாசியில் சண்டை முடிந்தது என்று அறிவித்தார்கள். ஒழுங்கை முழுக்கக் கொண்டாட்ட வெடி. மறுநாள் ஆரபிக்குக் கிளினிக். "இண்டைக்கு வேண்டாம்" என்றேன். "குளிசை முடிஞ்சுது அக்கா" என்றாள். தனியே விட மனமில்லாமல் நானும் ஓட்டோவில் ஏறினேன்.

காலி வீதியில் கொடிகளோடு ஒரு கூட்டம் வாகனங்களை மறித்துக் கிரிபத் கொடுத்துக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பால் விட்டுக் குழைத்து, சதுரமாய் வெட்டிய பாற்சோறு. எனக்கும் ஜெகாவுக்கும் கையில் வைத்தார்கள். நான் ருசி தெரியாமலே விழுங்கினேன். ஜெகா கையில் வைத்தபடி இருந்தாள். ஒரு பொடியன் சிரித்தபடி குனிந்து, ஒரு துண்டை ஆரபியின் வாய்க்கு நேரே நீட்டினான். அவன் கெட்டவன் அல்ல. பிள்ளையைக் கண்ட சந்தோசத்தில் உண்மையான அன்போடுதான் நீட்டினான்.

"லமயாட்ட அசனீப்பய் மல்லி," என்றேன். பிள்ளைக்குச் சுகமில்லை தம்பி என்று சிங்களத்தில் சொன்னதோடு கையாலும் காட்டினேன்.

பின்னால் நின்ற பெரியவன் ஒருவன் ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தான். ஜெகாவின் பொட்டைப் பார்த்தான், கையிலிருந்த சோற்றைப் பார்த்தான். "அசனீப்பத, நெத்னம் துகத?" என்றான். சுகமில்லையா, இல்லாவிட்டால் துக்கமா? சுற்றி நின்றவர்களின் சிரிப்பு நின்றது. ஓட்டோக்காரன் திரும்பியே பார்க்கவில்லை.

ஆரபிக்கு இதொன்றும் தெரியாது. பாற்சோற்றின் மணம் மூக்கில் ஏறிவிட்டது. மாதக்கணக்காய்ச் சோறு காணாத பிள்ளை, "அம்மா, ஒரே ஒரு வாய்" என்று வாயைத் திறந்தாள்.

ஜெகா அந்தத் துண்டைப் பறித்துத் தன் வாய்க்குள் போட்டாள். பிறகு தன் கையிலிருந்ததையும் தின்றாள். நன்றாக மென்று விழுங்கிவிட்டு, மீன்கடையில் பழகிய சிங்களத்தில், "ஹரிம ரசய் மல்லி, தவ எகக் தென்ன" என்றாள். நல்ல ருசி, இன்னும் ஒன்று தா என்று! பொடியன் கைதட்டினான். பெரியவனும் சிரித்துவிட்டான். இன்னொரு துண்டு தந்தார்கள், அதையும் தின்றாள். ஓட்டோவை விட்டார்கள்.

"அம்மா கள்ளி!" என்று ஆரபி அலறினாள். "என்ரையையும் சாப்பிட்டிட்டா!" வழி முழுக்கத் தாயை அடித்தாள். ஜெகா அடியை வாங்கிக்கொண்டு இருந்தாள்.

பிள்ளைக்கு அன்றும் வலிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து அவள் தூங்கிய பிறகு கீழே போனேன். ஜெகா குசினி நிலத்தில் சுவரோடு சாய்ந்திருந்தாள். சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

"கெட்டிக்காரியடி நீ," என்றேன். "இன்னும் ஒண்டு தா எண்டு கேட்டு நடிச்சியே, அதிலதான் தப்பினம்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் நடிக்கேல்லை அக்கா," என்றாள். "அண்ணா எங்க கிடக்கிறாரோ தெரியாது. எனக்கு அந்தச் சோறு ருசிச்சது."