நடுங்கிய சனி

மாமல்லபுரம் கடற்கரையில் ஒருநாள் இருட்டியதும், போகிறவர் வருகிறவருக்கெல்லாம் என் தொலைநோக்கியில் சனிக்கிரகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். சுண்டல் விற்கும் அக்கா தயங்கி நின்றார். "எனக்கு ஏழரை நடக்குது சார். கோயில்லயே சனீஸ்வரன நேரா நின்னு கும்புட மாட்டேன்."

ஆனாலும் மனசு கேட்காமல் கண்ணை வைத்தார். "இன்னா சார், ஆடுது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. "காத்துதான் ஆட்டுது. விண்வெளித் தொலைநோக்கி காத்துக்கு மேல இருக்கு, அதுல ஆடாது" என்று, அது எடுத்த படத்தை போனில் காட்டினேன்.

"இது ஷோக்கா கீது. ஆனா இத்தப் பாத்தா பயமாத்தான் கீது சார்."

மறுபடி குனிந்து தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்தார். "பாவம், அதுவும் நடுங்கிகினுதான் கீது."

போனைப் பைக்குள் போட்டேன். அந்த நடுக்கத்துக்காக அதன்பின் நான் யாரிடமும் வெட்கப்பட்டதில்லை.