எருக்கிலைச் சாறும் பெரியம்மாவும்

பாகூர் ஏரிக்கரையில் பறித்த எருக்கிலைகளை நிழலில் உலர்த்தி, பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைப்பேன். வடிகட்டினால் பாசி நிறத்தில் ஒரு சாறு வரும். கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுச்செல்களின் மேல் அதை விட்டு, மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் கல்லூரியில் என் ஆராய்ச்சி.

முதல்முறை பார்த்தபோது, தட்டின் அடியைப் பற்றிக்கொண்டிருந்த செல்கள் செத்து, பிடிவிட்டு, உருண்டு, வெளிச்சத்தில் மிதந்தன. கிருமாம்பாக்கத்துக்கு பஸ்ஸில் திரும்பும்போதும் ஜன்னலுக்கு வெளியே, கரும்புக்கு மேலே, அவை மிதந்துகொண்டே வந்தன.

வீட்டில் இதைச் சொன்னேன். கடலோரத்தில் மீன் விற்கும் பெரியம்மா அன்று வந்திருந்தாள். முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். நெல்லிக்காய் அளவு கட்டி. சதை எடுத்துப் பார்த்து, நிணநீர்ப் புற்று என்று சொல்லிவிட்டார்களாம். பயத்தில் அவள் மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

"அந்த எருக்கு எங்கூட்டாண்டயே கீதுடி. அரைச்சுக் குடிச்சா போயிடுமா?"

"ஐயோ, குடிச்சிடாத பெரிம்மா. விஷம்."

"நீதான எல்லாம் செத்துப்போச்சுன்ன?"

மறுநாள் அனுமதி வாங்கி அவளை ஆய்வகத்துக்கே கூட்டிப்போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னாடி இது, மீன் சினையாட்டம் கீது! அழகாத்தான் கீது."

இரண்டாவது தட்டை வைத்தேன். அதிலும் எல்லாம் மிதந்தன.

"இதுவும் புத்தா?"

"இல்ல. இது நல்ல செல்லு. அதே சாறுதான் வுட்டேன்."

அவள் நிமிரவில்லை.

"அப்ப அதுக்கு ஆள் தெரியல," என்றாள். பிறகு தணிந்த குரலில், "ஆஸ்பத்திரிக்கு நீ கூட வர்றியா?"

முதல் தடவை மருந்து ஏற்றும்போது பக்கத்தில் இருந்தேன். அந்த மருந்துகளில் ஒன்று நித்தியகல்யாணியிலிருந்து எடுத்தது என்றேன்.

"அதுவும் செடியா?"

"செடிதான். எவ்ளோ குடுத்தா ஆள் தாங்கும்னு ரொம்ப வருஷம் பாத்து கண்டுபுடிச்சாங்க."

"உன்னுது?"

"இன்னும் தட்டுலதான் கீது."

சிரித்தபடி கண்ணை மூடினாள். படகில் மல்லாந்து கிடப்பது போலிருக்கிறது என்று முனகினாள். ஜன்னல் வெயில் அவள் முகத்தில் அலையாடியது.

முடி கொட்டியது. சில மாதங்களில் கட்டியும் கரைந்தது. இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர்.

போன வாரம் வந்தவளுக்குப் புதுமுடி சுருள்சுருளாக முளைத்திருந்தது. என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பஞ்சு போலிருந்தது. நான் கையை எடுக்கவில்லை, அவளும் எடுக்கச் சொல்லவில்லை.